மேற்கோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து

2001ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா தொடர்பான ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான நுரையீரல், மூச்சுக்குழாய் சுருங்கிப்போகாமல் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கத் தன்னார்வலர்கள் சிலர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார்கள். 1950களில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு வழக்கொழிந்துபோன மருந்து அது. தன்னார்வலர்களில் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். எந்த நோயும் இல்லாதவர். மருந்தை இழுத்த பிறகு இருமல் ஆரம்பித்தது. சில நாட்களில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்தது. ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார்.

ஆய்வை நடத்திய மருத்துவர் முன்கூட்டித் தேடாமல் இல்லை. மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் தேடியிருந்தார். பாடநூல்களையும் புரட்டியிருந்தார். பயப்படும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் பப்மெட் அப்போது 1966இலிருந்து வந்த கட்டுரைகளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஹெக்ஸாமெத்தோனியம் நுரையீரலைப் பாதிக்கிறது என்று எழுதிய கட்டுரைகளோ 1950களில் வெளியானவை. அவை தொலைந்துபோகவில்லை. பழைய அச்சு அடைவுகளில் அவற்றின் பெயர்கள் இருந்தன, நூலக அலமாரிகளில் இதழ்களும் இருந்தன. திரையில்தான் இல்லை.

அந்த ஜூலையில் அமெரிக்க அரசு, தன் நிதியில் ஹாப்கின்ஸில் நடந்துவந்த மனித ஆய்வுகளைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது. விசாரணைகளில் பல குறைகள் வெளியே வந்தன. முழுமையில்லாத இலக்கியத் தேடல் அவற்றில் ஒன்று. இலக்கியம் என்றால் இங்கே கதை கவிதை இல்லை. ஒரு துறையில் இதுவரை எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் அத்தனையையும் ஆய்வாளர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது இடம். கடல்போலக் குவிந்த ஆய்வுக்கட்டுரைகளை இயந்திரத்தால் கடைந்து, வேண்டியதை எடுக்க முடியுமா என்று யோசித்த முன்னோடித் திட்டங்களில் ஒன்று நடந்தது இதே பல்கலைக்கழகத்தில்தான். அதுவும் சரியாக 50 வருஷத்துக்கு முன்னால்.

வெல்ச் நூலகத்தில் ஒரு வேதியியல்காரர்

இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், வனேவர் புஷ் என்ற பொறியாளர் 1945 ஜூலை மாத ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்கால அமெரிக்காவின் அறிவியல் ஆராய்ச்சிகளை ஒருங்கிணைத்தவர் அவர். எழுதுகிற வேகத்துக்குப் படிக்கிற வேகம் ஈடுகொடுக்கவில்லை என்பது அவருடைய கவலை. மெண்டலை உதாரணம் காட்டினார். பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் செய்த ஆய்வு 1866இல் அச்சானது, அதன் அருமை 1900இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. புஷ் இதற்குத் தீர்வாக ‘மீமெக்ஸ்’ என்ற மேஜையைக் கற்பனை செய்தார். நுண்படச் சுருள்களில் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்ளே இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வாசகரே பாதை போட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த மேஜையை யாரும் செய்யவில்லை. ஆனால் அந்த யோசனை பலரைத் தூங்கவிடவில்லை.

ஹாப்கின்ஸின் வெல்ச் மருத்துவ நூலகத்தில், ராணுவ மருத்துவ நூலகத்தின் ஆதரவோடு ஒரு திட்டம் நடந்தது. மருத்துவக் கட்டுரைகளுக்கு அடைவு தயாரிக்கும் வேலையைத் துளை அட்டை இயந்திரங்களிடம் கொடுக்க முடியுமா என்பதே திட்டம். 1951இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். நியூயார்க்கில் பிறந்தவர், கொலம்பியாவில் வேதியியல் படித்தவர், வயது 25.

அடைவு என்பது அன்றைக்கு இப்படித்தான் உருவாகும்: ஒரு கட்டுரை வரும். நூலகத்தில் ஒருவர் அதைப் புரட்டி, இது எதைப் பற்றியது என்று முடிவுசெய்து, ‘நீரிழிவு’, ‘சிறுநீரகம்’ என்று தலைப்புகள் கொடுப்பார். வேலை மெதுவாக நடக்கும், செலவு அதிகம். கட்டுரை அச்சாகி, அடைவில் ஏறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், தலைப்புக் கொடுப்பவரின் கண்ணுக்குப் படாதது அடைவிலும் வராது.

கார்ஃபீல்ட் இந்த நேரத்தில் மதிப்பாய்வுக் கட்டுரைகளைக் கவனிக்கத் தொடங்கினார். ஒரு துறையில் வந்த வேலைகளை எல்லாம் திரட்டிப் பேசுகிற கட்டுரைகள் அவை. அதில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு மேற்கோள் எண் இருக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பழைய கட்டுரைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு தலைப்புதானே! தனியாக ஆள் போட்டுத் தலைப்புக் கொடுக்கிற வேலையை, துறையைத் தெரிந்தவர்களே போகிற போக்கில் செய்துவைத்திருக்கிறார்கள். இதை எப்படி அறுவடை செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. பதில் வேறொரு தொழிலிலிருந்து வந்தது.

வக்கீல்களின் ஒட்டுத்தாள்

1953இல் கார்ஃபீல்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கொலராடோவில் ஓய்வில் இருந்த வில்லியம் அடேர். ‘ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்’ என்ற சட்ட நூல் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தவர். நீங்கள் அறிவியலுக்குத் தேடிக்கொண்டிருப்பதை நாங்கள் சட்டத்துக்கு எப்போதோ செய்துவிட்டோம் என்பது கடிதத்தின் சாரம்.

விஷயம் இதுதான். அமெரிக்க வக்கீல் ஒருவர் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடப் போகிறார். அந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா? அதற்குப் பிறகு வந்த நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்களா, தூக்கிப் போட்டுவிட்டார்களா? இது தெரியாமல் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிடுவார். ஃப்ராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் இதற்கு ஒரு வழி கண்டார். இல்லினாய் மாநிலத் தீர்ப்புகளில் எந்தத் தீர்ப்பு பிற்பாடு எங்கெல்லாம் மேற்கோள் காட்டப்பட்டது என்று திரட்டி, பசை தடவிய சிறு தாள்களில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அவற்றைத் தங்கள் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அவையே தடித்தடிப் புத்தகங்களாயின. ‘ஷெப்பர்டைஸ் பண்ணியாச்சா?’ என்று கேட்கும் அளவுக்கு அவர் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விவரம் இனிமேல்தான். ஷெப்பர்ட் பட்டியலில் மேற்கோள்களுக்குப் பக்கத்தில், தேவையான இடங்களில், ஒரு சின்ன எழுத்து இருக்கும். ‘ஓ’ என்று இருந்தால் பிற்காலத் தீர்ப்பு முந்தையதைச் செல்லாதென்று ஒதுக்கிவிட்டது என்று பொருள். ‘சி’ என்றால் விமர்சித்திருக்கிறது. ‘எஃப்’ என்றால் பின்பற்றியிருக்கிறது. ‘டி’ என்றால், அந்த வழக்கு வேறு இந்த வழக்கு வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு தீர்ப்புகளையும் படித்துப் பார்த்தால்தான் அந்த எழுத்தைப் போட முடியும். யார் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பதோடு என்ன பேசினார்கள் என்பதையும் அந்த ஓரெழுத்து சொல்லிவிடும்.

முன்னோக்கிப் பார்க்கும் பட்டியல்

கார்ஃபீல்ட் 1955 ஜூலையில் ‘சயன்ஸ்’ இதழில் தன் யோசனையைக் கட்டுரையாக எழுதினார். வழக்கமான துணைநூற்பட்டியல் பின்னோக்கித்தான் பார்க்கும். டிஎன்ஏவின் அமைப்பை விளக்கி வாட்சனும் கிரிக்கும் 1953இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதை எடுத்தால், அவர்கள் யாரைப் படித்தார்கள் என்று அதன் கடைசியில் இருக்கும். அவர்களை யார் படித்தார்கள் என்பது இருக்காது, இருக்கவும் முடியாது. உலகத்தில் உள்ள எல்லாத் துணைநூற்பட்டியல்களையும் அவிழ்த்துத் தலைகீழாக அடுக்கினால்தான் அது தெரியும். மேற்கோள் அடைவு என்பது அந்தத் தலைகீழ்ப் பட்டியல். நல்ல பழைய கட்டுரை ஒன்று கையில் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நேற்றுவரை வந்துவிடலாம்.

அந்தக் கட்டுரையின் ஆரம்பத்திலேயே இதெல்லாம் எதற்கு என்று அவர் சொல்லிவிடுகிறார். பொய்யான, அரைகுறையான, காலாவதியான தகவல்களை ஆராய்ந்து பார்க்காமல் மேற்கோள் காட்டுவதை ஒழிக்க வேண்டும். பழைய கட்டுரைமீது வந்த விமர்சனங்கள் நேர்மையான ஆய்வாளரின் கண்ணுக்குப் படும்படி செய்ய வேண்டும். இதுதான் நோக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

யோசனையைக் காசாக்குவது லேசாக இல்லை. நியூஜெர்சியில் கோழிக்கொட்டகையாக இருந்த ஓர் இடத்தை அலுவலகமாக்கி அவர் தொழில் நடத்தினார். இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் தொகுத்து வாரந்தோறும் ‘கரண்ட் கன்டென்ட்ஸ்’ என்ற சிற்றேடாக விற்றார். அதில் இருந்த முகவரிகளைப் பார்த்து, கட்டுரையின் பிரதி வேண்டுமென்று உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் அஞ்சலட்டை போட்டார்கள். 1959இல் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க், முந்தைய வருஷம்தான் நோபல் வாங்கியவர், அந்த மேற்கோள் அடைவு என்ன ஆச்சு என்று விசாரித்து எழுதினார். அந்த ஊக்கத்தில் அரசு நிதி கிடைத்தது. முதலில் மரபியலுக்கு மட்டும் ஒரு சோதனை அடைவு. பிறகு 1964இல் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ பிலடெல்பியாவிலிருந்து விற்பனைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் 613 இதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள், ஐந்து தொகுதிகள். துளை அட்டையும் கணினியும் சேர்ந்து செய்த வேலை.

அதே 1964இல் கார்ஃபீல்டும் சகாக்களும் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். டிஎன்ஏ ஆய்வின் வரலாற்றை ஐசக் அசிமோவ் ‘தி ஜெனடிக் கோட்’ என்ற நூலில் கதைபோல எழுதியிருந்தார். அந்த வரலாற்றில் வரும் கட்டுரைகளைப் புள்ளிகளாகவும் மேற்கோள்களைக் கோடுகளாகவும் வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். பல இடங்களில் ஒத்துப்போனது. அசிமோவ் சொல்லாத தொடர்புகள் சிலவும் படத்தில் தெரிந்தன. இன்றைக்கு நாம் ஒரு கட்டுரையின் பெயரைக் கொடுத்ததும் திரையில் விரிகிற வண்ண வண்ணக் குமிழி வரைபடங்களுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். முதல் சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழையபடி வகுப்பெடுக்கப் போய்விடுகிறேன் என்று நின்றவர், லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்ததும் நூலகத்தை விடவே இல்லை. அங்கே ஒரு கடையில் பார்த்த மெக்கானோ பொம்மை, துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற விளையாட்டுச் சாமான், கோலன் பகுப்புமுறைக்கு விதை போட்டது. பொருளைச் சின்னச் சின்ன முகங்களாகப் பிரித்து, குறிகளால் கோத்துப் புதுப்புது பொருள்களுக்கு இடம் தருகிற முறை அது. 1933இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது.

கார்ஃபீல்ட் 1984இல் ‘கரண்ட் கன்டென்ட்ஸி’ல் ரங்கநாதனுக்கு இரண்டு பகுதிகளில் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். இரண்டு பேரின் வழியும் நேரெதிர். ரங்கநாதனுக்கு, கட்டுரை எதைப் பற்றியது என்று ஒருவர் யோசித்தாக வேண்டும். கார்ஃபீல்டுக்கு, ஏற்கெனவே யோசித்தவர்களின் தடத்தைப் பொறுக்கினால் போதும். வேகமும் மலிவும் கார்ஃபீல்டின் பக்கம். ஆனால் அந்த வேகத்துக்காக ஒன்றை வழியில் விடவேண்டியிருந்தது.

எழுத்து போய் எண் வந்தது

விட்டது எதை என்றால், ஷெப்பர்டின் அந்தச் சின்ன எழுத்தை.

லட்சக்கணக்கான மேற்கோள்களில் ஒவ்வொன்றையும் படித்து, இது பாராட்டு, இது மறுப்பு, இது சும்மா மரியாதைக்குப் போட்டது என்று குறிக்க எத்தனை பேர் வேண்டும்? கார்ஃபீல்டுக்கு இது தெரியாமல் இல்லை. ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்ட 15 காரணங்கள் இருக்கலாம் என்று 1960களில் அவரே பட்டியல் போட்டிருக்கிறார். முன்னோடிக்கு வணக்கம் சொல்வதும் அதில் உண்டு, எதிராளியை மறுப்பதும் உண்டு. ஆனால் அச்சான அடைவில் எல்லாம் ஒரே மாதிரி வரிகள்தான். திட்டினாலும் ஒன்று, கும்பிட்டாலும் ஒன்று.

பக்கத்தில் எழுத்து இல்லாத ஒன்றை வைத்து வேறென்ன செய்ய முடியும்? எண்ணலாம். கார்ஃபீல்டும் இர்விங் ஷேரும் எந்த இதழ்களை அடைவில் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்காக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இம்பாக்ட் ஃபேக்டர் என்று இன்று எல்லாருக்கும் தெரிந்த எண் அதுதான். 1970களில் அது தனித் தொகுதியாக வெளிவரத் தொடங்கியது. நூலகர் எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று பார்க்க வந்த எண், கொஞ்ச நாளில் யாருக்கு வேலை கொடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நிதி என்று தீர்மானிக்கிற எண்ணாகிவிட்டது. பிஎச்.டி. படிக்கிற நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கட்டுரையில் என்ன எழுதினாய் என்று கேட்பவரைவிட எந்த இதழில் வந்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம் என்பார். கார்ஃபீல்டே கடைசிக் காலத்தில் இதை அணுசக்தியோடு ஒப்பிட்டார், நன்மையும் உண்டு கேடும் உண்டு என்று.

இதன் இன்னொரு பக்கம் எல்லை. எல்லா இதழ்களையும் சேர்க்க முடியாது என்பதால் அதிகம் மேற்கோள் காட்டப்படும் இதழ்களைச் சேர்த்தார்கள். சேர்த்த இதழ்கள் இன்னும் அதிகம் கண்ணில் பட்டன, இன்னும் அதிகம் மேற்கோள் ஆயின. ஆங்கிலத்தில் இல்லாததும், ஏழை நாடுகளில் அச்சாவதும் பெரும்பாலும் வெளியே நின்றன. 1966 என்ற கோட்டைப் போலவே இதுவும் ஒரு கோடு.

1990களின் பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த ஒரு முறை கண்டுபிடித்தபோது, இணைப்பு என்பதும் ஒரு மேற்கோள்தான் என்பதே அவர்களின் அடிப்படை யோசனை. கூகுள் பிறந்தது. 2004 நவம்பரில் கூகுள் ஸ்காலர் வந்தது. பிலடெல்பியாவின் தடித் தொகுதிகளை வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவருக்கும் மேற்கோள் அடைவு இலவசமாகக் கிடைத்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அதற்கு முன்னால் ஆய்வு செய்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் அங்கேயும் கட்டுரைக்குக் கீழே தெரிவது ஓர் எண்தான்: இதை மேற்கோள் காட்டியவர்கள் இத்தனை பேர்.

ஐந்து வாக்கியங்கள், 608 மேற்கோள்கள்

எழுத்து இல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் வாசகர் கடிதப் பகுதியில், பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலிருந்து ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒருமுறையாவது ஓபியாய்டு வகை வலிமருந்து பெற்ற நோயாளிகள் 11,882 பேர். அவர்களில், முன்பு போதைப் பழக்கம் இல்லாமலிருந்து புதிதாக அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கே பேர். அவ்வளவுதான் கடிதம். மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர் கண் எதிரே, சில நாட்கள் கொடுக்கப்படும் மருந்தைப் பற்றியது. மாதக்கணக்கில் வீட்டுக்கு வாங்கிப்போய் விழுங்கும் மாத்திரையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தபோது இந்தக் கடிதத்துக்கு மவுசு கூடியது. மருத்துவ இதழ்களில், ‘இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது’ என்ற வாக்கியத்தின் முடிவில் அதன் எண் உட்கார்ந்தது. பின்னால் வந்தவர்கள் முன்னால் எழுதியவர்களைப் பார்த்து எடுத்துப் போட்டார்கள். அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக அந்த மாத்திரையைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஓபியாய்டு மிகையால் இறந்தவர்கள் இன்றைய கணக்கில் பல லட்சம். இத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் மருத்துவர்களின் தயக்கத்தைக் கரைத்தவற்றில் அதற்கும் பங்கு உண்டு.

2017இல் கனடிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திரட்டினார்கள். 608 கட்டுரைகள். அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம்: அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றும் கடிதத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று படித்தார்கள். 439 கட்டுரைகள், அதாவது 72 சதவீதம், அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. 491 கட்டுரைகள், மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றியது அது என்பதைக் குறிப்பிடவே இல்லை. கண்டுபிடித்ததை அதே இதழில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார்கள். இதழும் 1980ஆம் ஆண்டுக் கடிதத்தின் தலையில் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது. ஜிக் மனம் நொந்து பேசினார்.

1955இல் கார்ஃபீல்ட் ஒழிக்க நினைத்தது எதுவோ அதுவேதான் இது, ஆராயாமல் மேற்கோள் காட்டுவது. 608 என்ற எண்ணை எந்தக் கருவியும் நொடியில் கொடுத்துவிடும். 439 என்ற எண்ணுக்கு ஆட்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. ஷெப்பர்ட் நிறுவனத்தில் பெயர் தெரியாத ஊழியர்கள் ஒவ்வொரு தீர்ப்புக்கும் செய்த வேலையை, ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்றுக்காக, 37 வருஷம் கழித்து ஒரு குழு செய்தது.

மீன் எண்ணெயும் வெளுக்கும் விரல்களும்

கருவி என்றாலே வாசிப்பைக் கெடுப்பது என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பேராசிரியர் டான் ஸ்வான்சனின் கதையும் இதே காலத்தில்தான் நடந்தது.

ரேனாட் நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல் நுனிகளில் ரத்த ஓட்டம் நின்று வெளுத்துப்போகும், நீலம் பாரிக்கும். 1980களில் ஸ்வான்சன் இருவேறு கட்டுரைக் குவியல்களைப் படித்தார். ஒன்று ரேனாட் பற்றியது: இந்த நோயாளிகளுக்கு ரத்தம் பிசுபிசுப்பாக இருக்கிறது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மற்றொன்று மீன் எண்ணெய் பற்றியது: அது ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது, குழாய்கள் சுருங்குவதைத் தணிக்கிறது. இரண்டு பக்கமும் அச்சில் இருந்தன. ஆனால் ஒரு குவியலின் கட்டுரைகள் மறு குவியலின் கட்டுரைகளை மேற்கோள் காட்டவில்லை. நடுவில் கோடே இல்லை.

ஸ்வான்சன் நூலகவியல் பேராசிரியர்தான். ஆய்வகம் கிடையாது, நோயாளியும் கிடையாது. 1986இல், மீன் எண்ணெய் ரேனாட் நோய்க்கு உதவலாம் என்று கருதுகோள் எழுதினார். 1989இல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, வேறு நோயோடு சேராமல் தனியாக வரும் ரேனாட் உள்ளவர்களுக்குப் பலன் இருப்பதாகச் சொன்னது. 1988இல் அதே முறையில் ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் இடையே கவனிக்கப்படாத 11 தொடர்புகளைக் காட்டினார். ஊரறிய அச்சாகியும் யாரும் அறியாமல் கிடக்கும் அறிவு என்று இதைப் பற்றி எழுதினார். பிறகு நீல் ஸ்மால்ஹைசரோடு சேர்ந்து ‘ஆரோஸ்மித்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்.

அந்த மென்பொருள் எப்படி வேலை செய்யும் என்பது ரசிக்கத்தக்கது. இரண்டு தலைப்புகளைக் கொடுத்தால், இரண்டு குவியல்களுக்கும் பொதுவான சொற்களைப் பட்டியல் போடும். அவ்வளவுதான். இதோ விடை என்று சொல்லாது. அந்தப் பட்டியலில் எது அர்த்தமுள்ளது, எது தற்செயல் என்று வாசகர்தான் இரு பக்கத்துக் கட்டுரைகளையும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். எங்கே படிக்க வேண்டும் என்று விரல் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கருவி அது. கார்ஃபீல்ட் முறை, மற்றவர்கள் போட்ட தடத்தைக் காட்டியது. ஸ்வான்சன் முறை, தடம் போடப்படாத இடத்தைக் காட்டியது.

மிச்சமான நேரம்

2015இல் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ‘செமான்டிக் ஸ்காலர்’ தளத்தைத் தொடங்கியது. 2020இல் அந்தத் தளம் கட்டுரைகளை இயந்திரத்தால் ஒற்றை வாக்கியமாகச் சுருக்கிக் காட்ட ஆரம்பித்தது. ஏற்கெனவே கட்டுரைக்கு ஒரு சுருக்கம் இருக்கும், இது அதைவிடச் சின்னது. ‘சைட்’ என்ற இன்னொரு கருவி, ஒவ்வொரு மேற்கோளையும் ஆதரிக்கிறதா, முரண்படுகிறதா, வெறுமனே குறிப்பிடுகிறதா என்று இயந்திரக் கற்றலால் பிரிக்கிறது. ஷெப்பர்டின் சின்ன எழுத்து, தொலைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஆள் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. அதன் கணக்கில் மிகப் பெரும்பாலான மேற்கோள்கள் வெறுமனே குறிப்பிடுபவைதான் என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை.

2022 நவம்பர் 15 அன்று மெட்டா நிறுவனம் ‘கேலக்டிகா’ என்ற மொழி மாதிரியைப் பொதுப் பார்வைக்கு வைத்தது. கோடிக்கணக்கான கட்டுரைகளையும் பாடநூல்களையும் கொடுத்துப் பழக்கப்பட்டது. தலைப்பைச் சொன்னால் மதிப்பாய்வுக் கட்டுரையே எழுதித் தரும். வரிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் இல்லாத கட்டுரைகளை, இருக்கிற ஆய்வாளர்களின் பெயரில் மேற்கோள் காட்டியது. மூன்றே நாளில் திரையை மூடிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் சாட்ஜிபிடி வந்தது, மீதிக் கதை உங்களுக்கே தெரியும். இந்த இடம் புதிது. ஷெப்பர்டும் கார்ஃபீல்டும் ஸ்வான்சனும் செய்த கருவிகள் குறைவாகக் காட்டின, ஆனால் இல்லாத கட்டுரையை உண்டாக்கிக் காட்டவில்லை. மேற்கோள் என்பது, நான் இதைப் படித்தேன், நீயும் போய்ப் பார்த்துக்கொள் என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு. கேலக்டிகாவின் மேற்கோள்களுக்குப் பின்னால் படித்தவர் யாருமே இல்லை.

பழைய காலமே நல்ல காலம் என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. வருஷத்துக்குப் பல லட்சம் கட்டுரைகள் வருகின்றன. கருவி இல்லாமல் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மெண்டலைப்போல இன்னும் எத்தனை பேர் எங்கே கிடக்கிறார்களோ. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று ரங்கநாதன் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னது நூலகத்துக்குள் நின்றுகொண்டு. வாசகர் அலமாரி அலமாரியாக அலைகிற நேரம் மிச்சமானால் அந்த நேரத்தில் உட்கார்ந்து படிப்பார் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டாத விஷயம். படிக்கிற நேரத்தையே மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு காலம் வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

கார்ஃபீல்ட் 2017 பிப்ரவரியில் இறந்தார். அந்த 608 மேற்கோள்களைப் பற்றிய கடிதம் அதே ஆண்டு ஜூனில் வெளியானது. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. 62 வருஷத்துக்கு முன்னால் தான் எழுதிய முதல் பத்தியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பப்மெட் இப்போது 1966இல் நிற்பதில்லை. பழைய அச்சு அடைவுகளைத் தட்டச்சு செய்து சேர்த்து, 1940களின் நடுப்பகுதி வரை பின்னால் போய்விட்டார்கள். இன்று ஹெக்ஸாமெத்தோனியம் என்று போட்டால் 1950களின் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் அதிலும் பல வெறும் தலைப்புகள்தான், சுருக்கம்கூடக் கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், அந்த இதழைத் தேடி எடுத்து, ஒருவர் படித்துத்தான் பார்க்க வேண்டும்.